தேவனாம்பட்டினத்தில் அன்று நான் என்ன செய்தேன்

போன மாதம், பிப்ரவரி இரண்டாம் சனி ஞாயிறில், கடலூர், சிதம்பரம், நெல்லிக்குப்பம் என்று இரண்டு நாள் போய்விட்டு வந்தேன். தானே புயல் அடித்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காகப் பேருந்து நேரம், கட்டணம், தூரம் எல்லாவற்றையும் வழக்கம்போலத் தருகிறேன். ஆனால் நான் ஊர் பார்க்கப் போகவில்லை. இதே வலைப்பதிவில் நான் எழுதிய ஒன்று பொய்யா உண்மையா என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் சுனாமி நாளைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 கிறிஸ்துமஸுக்கு என் மனைவி ஸ்டெல்லாவின் பிறந்த வீட்டுக்கு, நெல்லிக்குப்பத்துக்குப் போயிருந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லாவின் தம்பி அருள், இருபத்திரண்டு வயது, காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, சில்வர் பீச்சுக்குப் போயிட்டுப் பத்து மணி பூசைக்குள்ள வந்துடலாம்" என்றான். போனோம். எட்டே முக்காலைத் தாண்டியபோது தண்ணீர் வந்தது. நான் தோள்பட்டை இறங்கிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அருளின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

அந்தப் பதிவில் நான் எழுதியது இது: "தண்ணீரைப் பார்த்ததும் அருளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இடுப்பளவு வந்தபோதும் விடவில்லை. கழுத்தளவு வந்தபோது அவன் கை என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. அவன் மோதிரம் என் விரலை உரசிக்கொண்டு போனது இன்றைக்கும் தெரிகிறது."

நிறையப் பின்னூட்டங்கள் வந்தன. எழுதியபோது பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் நானே நம்பலாமா என்பது இப்போது தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவரைக் குமரவேல் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பதிவில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர் எழுதியிருந்தது நாலைந்து வரிதான். "உங்கள் பதிவை இப்போதுதான் படித்தேன். அன்று நானும் அங்கே இருந்தேன். கழிப்பறைக் கட்டடத்தின் மேல் ஏறித் தப்பித்தேன். உங்களையும் மஞ்சள் பனியன் போட்ட பையனையும் பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் நான் பார்த்தது வேறு. இதைப் போனில் பேச முடியாது. இப்போது சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தால் வாருங்கள்."

மஞ்சள் பனியன் என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. அன்று அருள் போட்டிருந்தது மஞ்சள்தான்.

ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லவில்லை. புயலில் மாமனார் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துவிட்டதால் அவள் உதவிக்கு நெல்லிக்குப்பத்தில் இருந்தாள். சிதம்பரத்தில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு ஞாயிறு காலை வருகிறேன் என்று மட்டும் போனில் சொன்னேன்.

சனிக்கிழமை காலை 5.15க்குக் கோயம்பேட்டில் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். திண்டிவனம், பாண்டிச்சேரி வழி. கடலூருக்குக் கட்டணம் 110 ரூபாய். கட்டணம் உயர்த்திய பிறகு இந்த வழியில் எனக்கு இது முதல் பயணம். தூரம் சுமார் 185 கிலோமீட்டர். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பாண்டிச்சேரியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. கண்ணில் பட்ட தென்னைகளில் பாதிக்குத் தலையே இல்லை. முன்சீட்டுப் பெரியவர் கைப்பேசியில் யாரிடமோ பண்ருட்டிப் பக்கம் பலா மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். 9.25க்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன்.

அங்கிருந்து தேவனாம்பட்டினத்து சில்வர் பீச் நாலரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"பீச்சுல இப்ப ஒண்ணும் இல்ல சார்," என்றார் ஓட்டுநர். "சவுக்கெல்லாம் சாஞ்சிடுச்சி. ஐஸ் விக்கறவன்கூட வர்றதில்ல."

"பரவால்ல, போங்க."

"சுனாமியப் பாத்தவங்களா நீங்க?"

"எப்பிடிக் கேக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்ன பிறகும் போங்கன்னு சொல்றவுங்க பாதிப் பேரு அப்பிடித்தான் சார்."

அவர் சொன்னது சரிதான். பார்க்க ஒன்றும் இல்லை. அன்று தண்ணீர் என்னைக் கொண்டுபோய் ஒரு சவுக்கு மரத்தில் மோதியது. தோள்பட்டை இறங்கியதும் அங்கேதான், பிழைத்ததும் அங்கேதான். எங்கே உட்கார்ந்திருந்தோம், எவ்வளவு தூரம் ஓடினோம் என்று அந்த மரத்தை வைத்து அளந்து பார்க்கலாம் என்றுதான் முதலில் இங்கே வந்தேன். சுனாமி விட்டுவைத்த சவுக்குகளைப் புயல் வேரோடு தள்ளியிருந்தது. அறுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். கால் மணி நேரம் இங்கும் அங்கும் நடந்தேன். எந்த இடமும் அந்த இடம் மாதிரித் தெரியவில்லை, எல்லா இடமும் அந்த இடம் மாதிரியும் தெரிந்தது.

மணலில் வலை விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பது வயது இருக்கலாம்.

"எதத் தேடறீங்க?"

"ஒரு சவுக்கு மரம். சுனாமி அன்னிக்கு அதுலதான் மோதி நின்னேன்."

"மரமா? அது ஒண்ணுகூட இல்லியே." மீன் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, "யாரு போனாங்க உங்களுக்கு?" என்றார்.

"என் சம்சாரத்தோட தம்பி."

"கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ம்."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது என்னவோ மாதிரி இருந்தது. "அப்பறம் என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"எங்க ஊர்ல அத யாரும் யாரையும் கேக்கறதில்ல. எந்தப் புள்ளயத் தூக்கின, எந்தப் புள்ளய விட்டன்னு கேட்டா, ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க முடியாது."

"அவுங்கவுங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் மீனைத் திருப்பிப் போட்டார். "எனக்குத் தெரியாது. ரெண்டு பேரு என் கையில இருந்தாங்க. கரைக்கு வந்தப்ப ஒண்ணுதான் இருந்துது. நடுவுல என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியாது. யாராவது பாத்திருந்தாகூட சொல்ல வேணாம்னுதான் சாமியக் கும்பிடறேன்."

நான் கடலைப் பார்க்காமல், காத்திருக்கச் சொன்ன ஆட்டோவுக்குத் திரும்பினேன். யாரோ பார்த்திருந்து சொல்ல வருகிறார், நான் கேட்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

11.05க்குச் சிதம்பரம் பேருந்து. 45 கிலோமீட்டர், 27 ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகும். கடல் பக்கத்து ஜன்னலில் இடம் பிடித்தால் வழியெல்லாம் பசுமையாக இருக்கும் என்று பழைய பதிவு ஒன்றில் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி இல்லை.

மற்றவர்களைப் பற்றி நாம் தப்பாக நினைக்கலாம், ஆனால் நம்மைப் பற்றி நமக்குத் தெரியாமல் போகாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அலுவலகத்தில் யாராவது என்னைப் பற்றிப் புறம் பேசினால்கூட, நான் யார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன்? யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு காலையை வைத்துத்தான். என்னிடம் சின்னத்தனங்கள் உண்டு, கோபம் உண்டு, ஆனால் சாவு எதிரே வந்தபோது நான் ஒருத்தன் கையை விடாதவன். இதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. உள்ளே மற்றதெல்லாம் இதன்மேல்தான் நின்றிருந்தது.

12.25க்குச் சிதம்பரம். கோயில் பன்னிரண்டு மணிக்கே சாத்திவிடுவார்கள், மறுபடி மாலையில்தான் திறப்பார்கள். மதியம் போய்ச் சேரும்படி திட்டமிடாதீர்கள். பேருந்து நிலையத்துக்கு அருகில் சாப்பாடு ஐம்பது ரூபாய். பாதிதான் சாப்பிட முடிந்தது.

குமரவேலின் கடை கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. நாற்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, மெல்லிய குரல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். லேமினேஷன் செய்ய வந்திருந்த இரண்டு மாணவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். டீ வரவழைத்தார். இரண்டு பேருக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நீங்கதான்," என்றார் கடைசியில். "மூஞ்சி கொஞ்சம் மாறியிருக்குது. ஆனா நீங்கதான்."

"சொல்லுங்க."

"சார், நான் உங்கள நோகடிக்கக் கூப்பிடல. அத மொதல்ல நம்புங்க."

"நம்பறேன். சொல்லுங்க."

அவர் அப்போது கடலூரில் வேலை பார்த்தாராம். தினமும் காலையில் பீச்சில் நடப்பாராம். அன்று தண்ணீர் உள்வாங்குவதைப் பார்த்துச் சந்தேகம் வந்து மேட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் கேட்டதும் கழிப்பறைக் கட்டடத்தின் மேல் ஏறிவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஓடி வந்தீங்க. நீங்க முன்னாடி, அந்தத் தம்பி பின்னாடி. பின்னாடின்னா ரொம்ப இல்ல, நாலு எட்டு. அவரு கையில ரெண்டு ஜோடி செருப்பு இருந்துது. அவரோடது ஒண்ணு, உங்களுது ஒண்ணு. நீங்க வெறுங்காலோட இருந்தீங்க. அவரு தடுக்கி விழுந்தாரு. விழுந்துட்டு மாமான்னு கூப்பிட்டாரு. நீங்க திரும்பினீங்க."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"திரும்பினேன்."

"திரும்பிப் பாத்தீங்க சார். அவரு கைய நீட்டினாரு. நீங்க பாத்தீங்க. பாத்துட்டு ஓடினீங்க."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "ஜெராக்ஸ் இருக்குதா?" என்று கேட்டார்கள். "அரை மணி கழிச்சி வாங்க," என்றார் குமரவேல்.

நான் உடனே சொன்னது எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. "அவ்ளோ தூரத்துல இருந்து உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் வேற யாராவதா இருக்கலாமில்ல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "இருக்கலாம் சார். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். ஏழு வருஷமா நான் இதச் சொல்லிக்கிட்டு இருக்கேன். பொண்டாட்டிகிட்ட, பசங்ககிட்ட, கடைக்கு வர்றவுங்ககிட்ட. ஒரு ஆளு தன் சொந்தக்காரப் பையன விட்டுட்டு ஓடினத என் கண்ணால பாத்தேன்னு. உங்க பதிவப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் தப்பாப் பாத்திருந்தா? கழுத்து வரைக்கும் தண்ணியில கையப் புடிச்சிக்கிட்டுப் போராடின மனுசன இத்தினி வருஷமாக் கேவலப்படுத்தியிருக்கேனே. அது பொய்யின்னா அதயும் தெரிஞ்சிக்கணுமில்ல சார்?"

எனக்கு அப்போது செருப்புதான் கண்முன் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மாமனார் வாங்கித் தந்த தோல் செருப்பு. அதை மணலில் கழற்றி வைத்திருந்தேன். ஓட ஆரம்பித்தபோது "டேய், செருப்ப எடுத்துக்க" என்று அருளிடம் நான்தான் சொன்னேன். அந்தக் குரல் காதில் தெளிவாகக் கேட்டது. என் குரல்தான்.

ஆனால் குமரவேல் செருப்பு என்று சொல்லும் நிமிடம் வரை அந்தக் குரல் எனக்குள் இல்லை. ஏழு வருடத்தில் ஒரு நாளும் இல்லை. மறந்திருந்தது நினைவுக்கு வந்ததா, அல்லது அவர் சொன்னதைக் கேட்டு என் மனம் அந்த இடத்திலேயே உண்டாக்கிக்கொண்டதா? மோதிரம் உரசியது எவ்வளவு தெளிவோ அதே அளவு தெளிவாகச் செருப்பும் இருந்தது. இரண்டும் ஒரே காலையில் நடந்திருக்க முடியாது.

"சொல்லுங்க சார்," என்றார். "நான் பாத்தது சரியா?"

"தெரியல," என்றேன்.

"உங்களுக்கே தெரியலன்னா நான் யாரக் கேக்கறது?"

அவர் கேட்டதில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். கிளம்பும்போது டீக்குக் காசு தரவிடவில்லை. தெருமுனை வரை வந்து, "நான் இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். அதனால் எனக்கு ஆறுதல் எதுவும் ஏற்படவில்லை.

மாலையில் கோயிலுக்குப் போனேன். சிதம்பர ரகசியத்தின் திரைக்கு முன் நல்ல கூட்டம். அதைப் பற்றி ஏதாவது தத்துவமாக எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிரகாரத்தில் உட்கார்ந்து கால் வலி தீர்ந்ததும் எழுந்துவிட்டேன். வடக்கு வீதியில் அறை 450 ரூபாய், தண்ணீர் வசதி நன்றாக இருந்தது. காலையில் அருகிலேயே இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கிடைக்கும். அதைச் சாப்பிடாமல் சிதம்பரத்தை விட்டு வராதீர்கள். நான் வாங்கிவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன்.

ஞாயிறு 6.40 பேருந்தில் கடலூர், அங்கிருந்து பண்ருட்டிப் பேருந்தில் நெல்லிக்குப்பம். 12 கிலோமீட்டர், 9 ரூபாய். இருபத்தைந்து நிமிடத்தில் போக வேண்டியது, கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆனது. அரவைக் காலத்தில் அந்தச் சாலையில் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மாமனார் வீட்டுக்குப் போனேன். மாமனார் சர்க்கரை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரும் மாமியாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சமையலில் இருந்தாள். தலைக்கு மேல் கூரை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மின்னஞ்சல், குமரவேல், செருப்பு. அவள் அழவில்லை. ரொம்ப நேரம் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"ஆஸ்பத்திரியில நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

"கையப் புடிச்சிருந்தேன், தண்ணி பிடுங்கிடுச்சின்னு."

"இல்ல. அத சொன்னது நானு."

எனக்குப் புரியவில்லை.

"நான் வந்தப்ப உங்கள வராண்டாவுல போட்டிருந்தாங்க. என்னப் பாத்ததும் 'விட்டுட்டேன் ஸ்டெல்லா, விட்டுட்டேன்'னு சொன்னீங்க. அத மட்டுந்தான் திரும்பத் திரும்பச் சொன்னீங்க. அப்பா அடுத்த நிமிஷம் வந்துட்டாரு. எங்கடி அருளுன்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியல. கையப் புடிச்சிக்கிட்டுத்தான்பா இருந்தாரு, தண்ணி பிச்சிக்கிட்டுப் போயிடுச்சின்னு சொல்லிட்டேன். வாயில அதான் வந்துது."

"நான் விட்டுட்டேன்னு சொன்னேனா?"

"ஆமா. கை நழுவி விட்டுட்டீங்களா, விட்டுட்டு ஓடி வந்துட்டீங்களான்னு நான் கேக்கல. கேக்க பயம்."

"ஏழு வருஷமா ஏன் சொல்லல?"

"மொத வருஷம் நினைவுப் பூசையப்ப சாமியார்கிட்ட நீங்களே சொன்னீங்க, கையப் புடிச்சிருந்தேன்னு. நான் பக்கத்துல நின்னேன். ஒருவேளை அப்பிடித்தான் நடந்திருக்கும், இப்ப ஞாபகம் வந்திருக்குதுன்னு நெனச்சேன். சந்தோசமாக்கூட இருந்துது. அப்பறம் ஒரு நாள் மோதிரம் உரசிச்சின்னு சொன்னீங்க." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அருள் கையில அன்னிக்கு மோதிரம் இல்லீங்க. டைட்டா இருக்குதுன்னு கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கழட்டி அம்மாகிட்ட குடுத்துட்டான். உள்ள பீரோல இருக்குது."

நான் என் விரல்களைப் பார்த்தேன். அந்த உரசல் அப்போதும் தெரிந்தது. இல்லாத மோதிரம் அது. இப்போது இதை எழுதும்போதும் தெரிகிறது.

"நீ என்ன நெனக்கிற?" என்று கேட்டேன். "நான் பாத்துட்டு ஓடினேனா?"

"சில நாள் அப்பிடித் தோணும். சில நாள் தோணாது." கறிவேப்பிலையைத் தட்டில் போட்டாள். "தோணற அன்னிக்கும் உங்களுக்குச் சோறு போட்டிருக்கேன்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளே கேட்டாள். "தெரிஞ்சிக்கணும்னுதான் சிதம்பரம் போனீங்களா?"

"ஆமா."

"எனக்கு என்னமோ, அந்த ஆளு தப்பாப் பாத்துட்டாருன்னு சொல்லிட்டு வரத்தான் போனீங்கன்னு தோணுது."

அப்படித்தான் போனேனா? அவரிடம் முதலில் நான் எழுப்பிய குரலை நினைத்தால் அவள் சொல்வது சரி. ஆனால் போகாமலே இருந்திருக்கலாமே, யாருக்கும் தெரிந்திருக்காதே என்று நினைத்தால் அவள் சொல்வது தப்பு. முந்தின நாள் நான் ஏன் பேருந்து ஏறினேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய நிமிடத்தை எங்கே போய்த் தேடுவது?

பயணத் தகவல்களை இங்கேயே முடித்துவிடுகிறேன், கடைசியில் எழுத மனம் வராது. சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அதிகாலையில் கிளம்பி நேராகச் சிதம்பரம் போய்விட்டு, திரும்பும் வழியில் கடலூரில் இறங்குவது நல்லது, கோயில் நேரம் அப்போதுதான் ஒத்துவரும். தனி ஆள் ஒரு நாள் தங்கினாலும் சாப்பாடு உள்பட ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். சில்வர் பீச்சில் நிழல் இல்லை, குடையும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். கடலில் இறங்காதீர்கள், இழுப்பு ஜாஸ்தி. தேவனாம்பட்டினத்து மனிதர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களே பேசினால் கேளுங்கள். யாருடனாவது சேர்ந்து ஏதாவது பெரிய ஆபத்தில் மாட்டி மீண்டவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: என்ன நடந்தது என்று அன்றைக்கே உங்கள் கையால் எழுதி வையுங்கள். அது உண்மையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அடுத்த வருடம் எழுதுவதைவிட மேல்.

பத்தரைக்கு மாமனாரும் மாமியாரும் பூசை முடிந்து வந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்திருப்பதைக் காட்டினார். இரண்டு பேரும் ஏறிக் கட்டினோம். மேலே சுவரில் உட்கார்ந்தபடி எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எழுபது வயதில் அவர் மேலே ஏறியதைப் பார்த்து மாமியார் கீழேயிருந்து திட்டிக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம் என்று அப்போது முடிவு செய்தேன். மாமனாரிடம் சொல்லட்டுமா என்று காலையில் கேட்டபோது ஸ்டெல்லா தடுக்கவில்லை, "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"மாமா, அன்னிக்கு பீச்சுல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "வேணாம் மாப்ள. அத எதுக்கு இப்ப."

"இல்ல மாமா, உங்ககிட்ட ஒண்ணு..."

"கேளுங்க. எத்தினியோ புள்ளைங்க தனியாப் போச்சி. யாரு எங்கன்னு தெரியாமப் போச்சி. எம்புள்ள உங்க கையிலதான் கடைசியா இருந்தான். அத வெச்சித்தான் நானும் உங்க அத்தையும் சோறு தின்னுக்கிட்டு இருக்கோம். அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்."

அவர் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மெதுவாக இறங்கினார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? சொல்லவிடாமல் தடுத்தது எனக்காகவா, அவருக்காகவா? தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டது அவர்கள் மேல் இருந்த இரக்கத்தாலா, பயத்தாலா என்றால் அதுவும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். வேணாம் என்று அவர் கையை உயர்த்திய அந்த நொடியில் எனக்குள் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. மூச்சு இலகுவாக வந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பிறகு நினைத்து உண்டாக்கிக்கொண்டதும் இல்லை. நடக்கும்போதே பார்த்தேன். நாற்பது வயதில் என்னைப் பற்றி நான் நேரில் கண்டது அது ஒன்றுதான்.